கொடையும் கையூட்டும்: கும்பினி முதல் தேர்தல் பத்திரம் வரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபராக டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்ற நாள் 2025 ஜனவரி 20. அன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில், அமைச்சர்களாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்தோருக்கும் முன்னால் அமர்ந்திருந்தவர்கள் யாவர் என்பதை உலகம் கண்டது. எலான் மஸ்க், ஜெஃப் பெசோஸ், மார்க் சுக்கர்பெர்க் ஆகியோருடன் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவ்வரிசையில் இருந்தார். இவர்களுள் மஸ்க், அதற்கு முந்திய தேர்தலில் டிரம்புக்கும் அவர்தம் கட்சியினருக்கும் ஆதரவாக 25 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டவர். பின்னர் சில மாத காலம் அரசுத் துறைகளின் செலவைக் குறைக்கும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது. அவருடைய நிறுவனமோ அதே அரசின் ஒப்பந்தங்களைப் பெற்று வருவது.

இக்காட்சியைக் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி இரு வகையினது. அமெரிக்காவின் வீழ்ச்சி இது என்று மகிழ்வது ஒரு வகை. அறிவும் உழைப்பும் உடையோர் ஆட்சிக்கு வழிகாட்டுவதில் தவறென்ன என்று வியப்பது மற்றொரு வகை. இரண்டுமே இதனை எங்கோ தொலைவில் நிகழும் ஒன்றாகக் கருதுகின்றன. நாம் இவற்றிலிருந்து வேறுபடுகிறோம். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுவோருக்கு அவ்வாறு கருத உரிமையில்லை. ஏனெனில் இந்நகரம் ஒரு மன்னனின் பெயரால் வணிகக் கழகம் ஒன்று எழுப்பி, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஆண்ட நகரம்.

கும்பினியின் ஆட்சி

'கம்பெனி' என்னும் சொல்லை நம் முன்னோர் 'கும்பினி' என்றனர். அச்சொல்லில் வணிகம், படை, வரி, நீதி ஆகிய நான்கும் அடங்கியிருந்தன. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் தோன்றியது. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வலிகொண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடி அளித்த இசைவைக் கொண்டு, 1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் இக்கடற்கரைச் சிற்றூரை நகரமாக வளர்த்தார். அவர்கள் நாடி வந்தது பருத்தித் துணி. நெசவாளர் குடியிருந்த பேட்டைகளே கும்பினியின் உண்மையான மூலதனம்.

இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்ய வந்த இக்கழகம் நாளடைவில் அரசின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் தனதாக்கிக் கொண்டது. அதன் உயர் மன்றமே நிர்வாகமும் செய்தது, நீதியும் வழங்கியது. 1736இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமையையும் பெற்றது. அதே ஆண்டில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பைத் தொடங்கினார். 1761இல் தாம் மறையும் காலம் வரை அவர் எழுதி வைத்த அக்குறிப்புகள், ஒரு வணிகக் கழகத்தின் அரசியலை உள்ளிருந்து கண்ட தமிழரின் சாட்சியம் ஆகும். ஆளுநர் துய்ப்ளேவின் தலைமைத் துபாசியாக அவர் இருந்தமையால், யார் எதைக் கொடுத்து எதைப் பெற்றனர் என்பது அவருக்குத் தெரியும்.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நிகழ்ந்த போரை ஈண்டு நினைவுகூர வேண்டும். ஆர்க்காட்டுப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கும்பினி படையுதவி அளித்தது. நவாப் அன்வருத்தீன் கான் களத்தில் வீழ்ந்தார். வெற்றி பெற்ற சந்தா சாகிபு வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகளைக் கும்பினிக்கு வழங்கினார். பதவி நாடும் ஒருவருக்கு வணிகக் கழகம் துணை நிற்கிறது. பதவி கிடைத்ததும் அவர் அக்கழகத்துக்கு நிலமும் வரி வருவாயும் அளிக்கிறார். நம் நாளிதழ்கள் இன்று 'கைம்மாறு' என்று எழுதும் செயலின் முழு வடிவம் இதுவே. அன்று அதனைக் 'காணிக்கை' என்றும் 'இனாம்' என்றும் அழைத்தனர்.

ஆங்கிலேயர் பக்கம் நின்ற முகம்மது அலி வாலாஜாவின் வரலாறு இதனினும் கசப்பானது. போர்ச் செலவுக்கும் அரண்மனைச் செலவுக்கும் அவர் கும்பினியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் பெற்றார். வட்டி வளர்ந்தது. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி ஒதுக்கப்பட்டது. கடன் கொடுத்தோர் அப்பணத்தைக் கொண்டு இலண்டன் நாடாளுமன்றத்தில் இடங்களைப் பெற்றனர். பால் பென்ஃபீல்டு அவர்களுள் பெயர் போனவர். அக்கடன்களைத் தக்க விசாரணையின்றிக் கர்நாடகத்தின் வருவாயிலிருந்து தீர்க்க அரசு முனைந்தபோது, 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் நீண்ட உரையாற்றி எதிர்த்தார். அவர் எதிர்ப்பு தோற்றது. தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட உழவன் கட்டிய வரி, இங்கிலாந்தின் தேர்தல் தொகுதிகளுக்கு விலையாயிற்று. 1801இல் கர்நாடக அரசே கும்பினியின் கைக்குப் போயிற்று.

பிரான்சில் புரட்சி நடந்தும் இந்நோய் தீரவில்லை. கும்பினியின் தனியுரிமை 1769இல் நிறுத்தப்பட்டு, 1785இல் புதிய கும்பினி ஒன்று உருவாயிற்று. புரட்சி அரசு 1793இல் அதனைக் கலைக்க முடிவு செய்தது. கலைப்பு வேலை அரசின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும் என்பதே அவையின் கருத்து. ஆயினும் வெளியான ஆணையின் வாசகம், கும்பினி தானே அதனைச் செய்து கொள்ளலாம் என்னும்படி திருத்தப்பட்டிருந்தது. உறுப்பினர் சிலர் பணம் பெற்றனர் என்பது குற்றச்சாட்டு. அத்திருத்தத்தில் கையொப்பமிட்ட ஃபாப்ர் தெக்லாந்தீன், 1794 ஏப்ரல் 5 அன்று தாந்தோனுடன் கொலைக்களம் ஏறினார். சமத்துவத்தைப் பறைசாற்றிய அவையிலும் சட்டத்தின் ஒரு வரியை மாற்ற வணிகக் கழகத்தால் இயன்றது என்பதே இதன் பாடம்.

அமெரிக்கா சென்ற வழி

அமெரிக்கக் குடியேற்றங்களின் எழுச்சியில் கும்பினிக்குப் பங்குண்டு என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். 1773இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி கடனில் மூழ்கியிருந்தது. அதன் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்திருந்தது. அதனைக் காப்பாற்ற நாடாளுமன்றம் கடனும் கொடுத்து, அமெரிக்காவில் நேரடியாகத் தேயிலை விற்கும் சலுகையையும் அளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் எறியப்பட்டது. வரிக்கு எதிரான கோபம் என்று மட்டும் பள்ளி நூல்கள் கூறும் இந்நிகழ்ச்சி, அரசின் சலுகை பெற்ற ஒரு பெருங்கழகத்துக்கு எதிரான சிறு வணிகரின் கோபமும் ஆகும்.

அந்நாட்டில் நிறுவனங்கள் கூட்டரசுத் தேர்தல்களில் வேட்பாளர்களுக்கு நன்கொடை அளிப்பதை 1907ஆம் ஆண்டின் தில்மன் சட்டம் தடை செய்தது. அத்தடை இன்றும் ஏட்டில் உள்ளது. ஆனால் 1976இல் உச்ச நீதிமன்றம், தேர்தலுக்காகச் செலவிடுவது கருத்துரிமையின் ஒரு பகுதி என்று கருதிச் செலவு வரம்புகளை நீக்கியது. 2010 ஜனவரி 21 அன்று 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், வேட்பாளரோடு கலந்து கொள்ளாமல் தனித்துச் செலவிடும் நிறுவனத்துக்கும் வரம்பு விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. இதன் விளைவாக வரம்பற்ற பணத்தைத் திரட்டும் குழுக்கள் தோன்றின. மேற்கூறிய 25 கோடி டாலர் பாய்ந்த வாய்க்கால் அதுவே.

இத்தீர்ப்பின் தருக்கத்தை நாம் நேர்மையோடு எடுத்துரைக்க வேண்டும். செய்தித்தாள் நடத்தும் நிறுவனத்துக்குக் கருத்துரிமை உண்டெனில் பிற நிறுவனத்துக்கு இல்லை என்பது எங்ஙனம்? அரசு ஒரு பேச்சை அனுமதித்து மற்றொன்றைத் தடுக்கத் தொடங்கினால் அதன் எல்லை யாது? இவை எளிதில் ஒதுக்கத்தக்க கேள்விகள் அல்ல. எனினும் இத்தருக்கம் இரு இடங்களில் உடைகிறது. முதலாவது, பேசுவது வேறு; பேச்சை விலைக்கு வாங்கிப் பெருக்குவது வேறு. ஒரு மண்டபத்தில் ஒருவர் மட்டும் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு இரவும் பகலும் முழங்கினால், மற்றவர் வாய் கட்டப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் பேச்சு எவர் செவிக்கும் எட்டாது. இரண்டாவது, நிறுவனம் என்பது சட்டம் படைத்த ஆள். அதற்கு வாக்குச்சீட்டு இல்லை; மனச்சான்று இல்லை; அது சிறை செல்வதுமில்லை. சட்டம் தன் வசதிக்காகப் படைத்த ஒன்று, சட்டத்தை இயற்றுவோரைத் தேர்வதில் குடிமகனைவிட வலிமை பெறுவது முறையன்று.

சட்டம் படைத்த ஆள் என்னும் கருத்து நம் மரபுக்கு முற்றிலும் புதிதன்று. வக்ஃபும் பைத்துல் மாலும் சொத்துடையன, கடன்படுவன, அவற்றின் சார்பில் வழக்காடலாம். இக்கால ஃபிக்ஹு அறிஞர் சிலர் கம்பெனியின் தகுதியை இவற்றோடு ஒப்பிட்டு விளக்குவதும் உண்டு. ஆனால் வக்ஃபின் முதவல்லி, வக்ஃபு செய்தவர் குறித்த நோக்கத்துக்கு அப்பால் அதன் வருவாயில் ஒரு காசையும் தம் விருப்பப்படி ஈய முடியாது. நோக்கத்தால் கட்டுண்ட சொத்து அது. பல்லாயிரம் பங்குதாரரின் பணத்தை எடுத்துத் தமக்கு உகந்த கட்சிக்குக் கொடுக்கும் இயக்குநர், எவருடைய நோக்கத்தை நிறைவேற்றுகிறார் என்னும் வினாவுக்கு அமெரிக்கத் தீர்ப்பில் நிறைவான விடை இல்லை.

நம் நாட்டின் பத்திரம்

இவ்வினாவை இந்திய நீதிமன்றம் ஒன்று முன்பே எழுப்பியுள்ளது. டாடா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நிதியளிக்கத் தன் அமைப்பு விதியைத் திருத்த முற்பட்டபோது, 1957இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா அத்திருத்தத்தைச் சட்டப்படி தடுக்க இயலாது என்றார். ஆயினும் இப்போக்கு குடியாட்சியை நெரிக்கும் அளவுக்கு வளரக்கூடும் என்று நாடாளுமன்றத்தை எச்சரித்தார். 1969இல் நிறுவனக் கொடை தடை செய்யப்பட்டது. 1985இல் தடை நீங்கிச் சராசரி இலாபத்தில் 5 விழுக்காடு என்னும் வரம்பு வந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் அதனை 7.5 விழுக்காடாக உயர்த்தியது. தடை இருந்த காலத்தில் கொடை நின்றதா என்றால் இல்லை. கணக்கில் வராத பணமாக அது கைமாறியது. தடையே போதும் என்பாருக்கு இவ்வனுபவம் மறுப்பாகும்.

2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அவ்வரம்பை அடியோடு நீக்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று நிறுவனம் தன் கணக்கில் காட்ட வேண்டிய கடமையும் நீங்கிற்று. 2018 ஜனவரி 2 அன்று தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கலாம்; வாங்கியவர் பெயர் அதில் இராது; 15 நாள்களுக்குள் கட்சி அதனைப் பணமாக்கிக் கொள்ளும். இந்திய ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் தெரிவித்த ஆட்சேபங்கள் பொருட்படுத்தப்படவில்லை.

இத்திட்டத்துக்குக் கூறப்பட்ட நியாயங்கள் இரண்டு. வங்கி வழியாகப் பணம் வருவதால் கறுப்புப் பணம் ஒழியும் என்பது ஒன்று. கொடுப்பவரின் பெயர் வெளிப்பட்டால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது நியாயம் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பத்திரத்தை விற்றது அரசு வங்கி. விவரம் அவ்வங்கியிடம் இருந்தது. விசாரணை அமைப்புகள் அரசின் கையில் இருந்தன. கொடுத்தவருக்குத் தெரியும், பெற்ற கட்சிக்குத் தெரிய வழியுண்டு, அரசு அறிய விரும்பினால் அதற்கும் தடையில்லை. அறியாதவர் வாக்காளர் மட்டுமே. அச்சத்திலிருந்து காக்கும் திரை என்றார்கள். யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவர் திரைக்கு உட்புறத்தில் இருந்தார்.

2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு, ஒருமனதாக இத்திட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. வாக்காளரின் அறியும் உரிமை கருத்துரிமையின் பகுதி என்றது. நிறுவனங்கள் கைம்மாறு கருதியே கொடுப்பதால் அவற்றைத் தனிமனிதனோடு ஒருங்கே வைப்பது தகாது என்றும் கூறி, வரம்பை நீக்கிய திருத்தத்தையும் செல்லாததாக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் காண மறுத்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2024இல் கண்டது என்பது நமக்குப் பெருமையே. எனினும் திட்டம் தொடங்கி ஆறாண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு அது. அதற்குள் 16,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்றுப் பணமாகியிருந்தன.

நீதிமன்ற ஆணைப்படி வெளியான பட்டியலைக் கண்டபோது தமிழகம் தலைகுனிய வேண்டியதாயிற்று. 2019 ஏப்ரல் முதல் மிக அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம். தொகை 1,368 கோடி ரூபாய். தமிழகத்தில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. பிற மாநிலங்களில் கூலித் தொழிலாளி தன் அன்றாட வருவாயிலிருந்து வாங்கிய சீட்டின் பணம் அது. திரிணமூல் காங்கிரசும் திராவிட முன்னேற்றக் கழகமும் அந்நிறுவனத்திடமிருந்து தலா 500 கோடிக்கும் மேல் பெற்றன. பத்திரங்களால் மொத்தத்தில் மிகுதியாகப் பெற்றது பாரதிய ஜனதா கட்சி. வெளியான காலப்பகுதியில் மட்டும் 6,000 கோடிக்கும் மேல். எதிரெதிர் அணியில் நின்று வாதிடும் கட்சிகள் ஒரே பத்திரத்தின் நிழலில் நின்றன. இத்திட்டத்தை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியை இதில் விலக்கிச் சொல்வதே நேர்மை.

மறைவு எங்கே அறம், எங்கே குற்றம்?

கொடை மறைவாக இருப்பது சிறப்பன்றோ என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்னும் பண்பாட்டில் வளர்ந்தோர்க்கு இவ்வினா இயல்பானது. இதனைத் தெளிவாக்குவது நம் கடமை.

ஸதகா மறைவாகத் தரப்படுவதன் காரணம், பெறுபவர் எளியவர் என்பது. அவருடைய மானம் காக்கப்பட வேண்டும். கொடுப்பவருடைய உள்ளத்தில் செருக்கு நுழையலாகாது. பெறுபவரால் திருப்பித் தர ஒன்றும் இல்லை. அதிகாரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதோ நேர் எதிரானது. இங்குப் பெறுபவர் வலியவர். அவரால் திருப்பித் தர இயலும். தருவது தம் சொந்தப் பொருளன்று, பொதுப்பொருள். ஆகவே எளியவனுக்கு ஈவதில் மறைவு அறமெனில், ஆள்பவனுக்கு ஈவதில் மறைவே குற்றத்தின் அடையாளம்.

ஸகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பார், திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபிகள் நாயகம் (ஸல்) மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அவ்வன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்னும் கருத்துப்பட வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்ற இந்நிகழ்ச்சி அரசியல் கொடையைச் சோதிக்கும் உரைகல்லாகும். பதவி இல்லையெனில் வாராத கொடை, பதவிக்கு வந்த கொடை. அது அன்பின்பாற்பட்டதன்று. ஹனஃபீ சட்டநூலான ஹிதாயா, காழி யாரிடம் அன்பளிப்பு ஏற்கலாம் என்பதை வகுக்கும்போது, நெருங்கிய உறவினரையும் பதவிக்கு முன்பே கொடுத்துப் பழகியவரையும் மட்டுமே விலக்காக்குகிறது. பழகியவரும் வழக்கத்தினும் மிகுதியாகக் கொடுத்தால் அம்மிகுதி ஏற்கத்தக்கதன்று என்பது சட்ட வல்லுநரின் விளக்கம். உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போது அவர்தம் சொத்தைக் கணக்கெடுத்து வைத்ததும், பின்னர் மிகுந்ததன் ஒரு பகுதியைப் பொதுநிதியில் சேர்த்ததும் வரலாற்றாசிரியர் பதிந்தவையே. தேர்தல் ஆணையத்தில் வேட்பாளர் சொத்துக் கணக்கு தாக்கல் செய்யும் இன்றைய முறைக்கு இது அயலானதன்று.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் இரு கருத்துகளை வெவ்வேறிடங்களில் விளக்குகிறார். ஆட்சியாளன் வணிகம் செய்தால் குடிகள் கெடுவர். ஏனெனில் அவனுடைய முதலோடு எவரும் போட்டியிட முடியாது என்பது ஒன்று. பதவியும் செல்வாக்கும் செல்வத்தை ஈட்டித் தரும். மக்கள் அச்செல்வாக்கை நாடித் தம் உழைப்பையும் பொருளையும் கொண்டு நெருங்குவர் என்பது மற்றொன்று. கும்பினியின் ஆட்சியில் முதற்கருத்தும் தேர்தல் பத்திரத்தில் இரண்டாவதும் மெய்யாயின.

தொழில்நுட்பமும் வாக்காளரும்

பணம் கட்சிக்குப் போவதோடு கதை முடிவதில்லை. அது வாக்காளரை எவ்வாறு அடைகிறது என்பதே இக்காலத்தின் புதுமை. புதுச்சேரியின் சட்டமன்றத் தொகுதிகள் மிகச் சிறியன. 2021இல் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளருக்கு 30 தொகுதிகள். தொகுதிக்குச் சராசரி 33 ஆயிரம் பேர். சில நூறு வாக்குகள் முடிவை மாற்றிவிடும். அவ்வாண்டு மார்ச்சில், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்களைப் பெற்று வாக்காளரை வாட்ஸ்ஆப் குழுக்களில் சேர்க்கப் பாரதிய ஜனதா கட்சி குறுஞ்செய்தி அனுப்பியது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. தொண்டர்கள் வீடுதோறும் சென்று எண்களைத் திரட்டினர் என்று அக்கட்சி மறுத்தது. ஆதார் ஆணையமும் தன்னிடமிருந்து தரவு கசியவில்லை என்றது. குற்றச்சாட்டு நம்பத்தக்கதாக உள்ளது எனக் கருதிய நீதிமன்றம், தீர விசாரிக்க வேண்டும் என்றது.

அவ்வழக்கின் உண்மை எதுவாயினும், அது வெளிப்படுத்திய நிலை கவனத்துக்குரியது. நம் எண், நம் தெரு, நம் பெயர் உணர்த்தும் சமயம் ஆகியவை யாரிடம் உள்ளன என்பதை நாம் அறியோம். கும்பினியின் காலத்தில் பல்லக்கும் பரிசுப் பொருளும் தெருவில் சென்றன. துபாசி அதனைக் கண்டு எழுதினார். இன்று ஒரு வீட்டுக்குச் சென்ற செய்தி அடுத்த வீட்டுக்குச் செல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாக்குறுதியும் வெவ்வேறு அச்சமும் அனுப்பப்படும்போது, பொய்யைப் பொதுவில் வைத்து மறுப்பதற்கே வழியில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தந்திருப்பது இக்கவலையைக் கூட்டுகிறது.

ஏற்றத்தாழ்வு எதனால்?

அமெரிக்காவில் வீட்டுச் செல்வத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு மேல்தட்டின் ஒரு விழுக்காட்டினரிடம் உள்ளது. கீழ்ப்பாதியினரிடம் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தியாவில் 2022-23இல் மேல்தட்டின் ஒரு விழுக்காட்டினர் நாட்டுச் செல்வத்தில் 40.1 விழுக்காட்டையும் வருமானத்தில் 22.6 விழுக்காட்டையும் உடையவர் என உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தினர் 2024இல் கணித்தனர். 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சோப்பு வாங்கும் ஏழை செலுத்தும் மறைமுக வரியோ அப்போது அவ்வாறு குறைக்கப்படவில்லை. கொடைக்கும் வரிக்குறைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நிறுவுவது கடினம். நாம் அவ்வாறு கூறவுமில்லை. கொடை மறைந்திருந்தால் தொடர்பு இல்லை என்று நிறுவுவதும் இயலாது. நம்பிக்கை கெடுவது அங்கேதான்.

இங்கு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். தனியார் நிறுவனம் தீது, அரசுடைமையே மருந்து என்பார் உளர். புதுச்சேரியின் பஞ்சாலைகள் இதற்கு விடை கூறும். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அப்போராட்டத்தின் பயனாக வ. சுப்பையா முதலியோரின் முயற்சியால் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சுத் துணியாலையை 1986இல் புதுவை அரசு ஏற்றது. 2011 டிசம்பரில் தானே புயல் அதனைச் சிதைத்தது. 2020 ஏப்ரல் இறுதியில் அது மூடப்பட்டது. அரசின் கையில் இருந்தும் ஆலை காக்கப்படவில்லை. உரிமையாளர் யார் என்பதினும், முடிவெடுப்போர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதே அடிப்படை வினா. 1936இல் பன்னிரு தொழிலாளர் பெற்றுத் தந்த சட்டம் இதனைக் காட்டும்: அவர்களிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை, ஆனால் ஆட்சியாளர் அவர்களைப் புறக்கணிக்க முடியாத நிலையை அமைப்பாகத் திரண்டு உண்டாக்கினர்.

செய்யத்தக்கது

2024இன் தீர்ப்போடு பணி முடிந்ததென்று ஓய்ந்திருப்பது பிழை. பத்திரம் போயிற்று, தேர்தல் அறக்கட்டளைகள் வழியாக நிறுவனக் கொடை தொடர்கிறது. அறக்கட்டளைக்கு யார் கொடுத்தார், அது யாருக்குக் கொடுத்தது என்னும் இரு பட்டியல்கள் வெளிவருகின்றன. இன்னாருடைய பணம் இன்னாருக்குச் சென்றது என்று இரண்டையும் இணைத்துக் காண்பது பெரும்பாலும் இயலாது. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு இல்லை. நிறுவனக் கொடைக்குப் பங்குதாரரின் இசைவு கட்டாயமில்லை. இயக்குநர் குழுவின் தீர்மானமே போதும். இம்மூன்றும் சட்டத்தால் திருத்தத்தக்கவை.

சட்டம் திருந்தும் வரை குடிகளுக்கும் ஒரு கடமையுண்டு. கட்சிக்குக் கோடிகளாகப் போவது நம்மிடம் நூறுகளாகத் திரும்பி வரும்போது அதனை அன்பளிப்பு என்று பெயரிட்டு ஏற்கிறோம். தேர்தல் இல்லாத ஆண்டில் அது வீடு தேடி வருவதில்லை. நபிகளாரின் வினா ஆளுநருக்கு மட்டும் உரியதன்று. வாக்குரிமை என்னும் பதவியை உடைய ஒவ்வொருவருக்கும் உரியது. மேடையில் கார்ப்பரேட் ஆதிக்கத்தைச் சாடுவதினும், வாயிலில் வந்து நிற்கும் உறையைத் திருப்பி அனுப்புவது கடினம். அதனைச் செய்தவரே கட்சியின் கணக்கைக் கேட்கத் தகுதியுடையவர்.